சுகம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு

 

நவம்பர் மாதத்து மூன்றாவது ஞாயிறு, வீதி விபத்தில் போனவர்களை நினைக்கும் நாளென்று ஐக்கிய நாடுகள் சபை 2005இல் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 27ஆம் திகதிதான், நம்முடைய வடமேல் மாகாணத்திலேயே, பொல்கஹவெலைப் பக்கத்து யாங்கல்மோதர கடவையில் பஸ்ஸொன்று ரயிலில் அகப்பட்டது. முப்பத்தைந்து பேருக்கு மேல் போய்விட்டார்கள். போனவர்களுக்காக இங்கே துஆவும் கேட்டாயிற்று, மௌனமும் காத்தாயிற்று. நான் கதைக்க வந்தது, விபத்தில் தப்பி வீடு வந்து சேர்ந்தவர்களைப் பற்றி.

தப்பி வந்தவர் வீட்டில் என்ன நடக்கும்? கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடப்பார். நாம் பிஸ்கட் பெட்டியும் தோடம்பழமுமாகப் போய் இறங்குவோம். உட்கார்ந்ததும் முதற் கேள்வி: "எப்பிடி நடந்திச்சு?" அவர் சொல்வார். லொறி எந்தப் பக்கத்தால் வந்தது, பக்கத்தில் இருந்த பிள்ளை எப்படித் தூக்கி எறியப்பட்டது, எல்லாம் சொல்வார். சொல்லி முடிக்கும்போது அடுத்த கூட்டம் வாசலில் செருப்பைக் கழற்றும். மறுபடி முதலிலிருந்து. ஒரு மாலைக்குள் அந்த மனிதரை நாலைந்து தடவை அதே லொறிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வருகிறோம். போதாததற்கு ஒரு தம்பி, விபத்து நடந்த இடத்தில் எடுத்த வீடியோவை போனில் காட்டுவார்.

மனதில் உள்ளதைக் கொட்டினால் பாரம் குறையுமென்றுதான் நாம் நினைக்கிறோம். வைத்தியர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். இங்கிலாந்தில் வாகன விபத்தில் காயம்பட்டு வந்தவர்களில் ஒரு பகுதியினரை ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்து, நடந்ததை ஒருமுறை விரிவாகச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்து விசாரித்தபோது, தொடக்கத்தில் கடுமையாகக் கலங்கியிருந்தவர்களில், சொல்லவைக்கப்பட்டவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு அது. சிகிச்சையிலும் நடந்ததைச் சொல்லவைப்பது உண்டு. ஆனால் அங்கே சொல்கிறவர் நிறுத்தென்றால் நிற்கும். நம் விறாந்தையில் நிற்காது.

சார்ள்ஸ் டிக்கன்ஸைத் தெரியும்தானே, நாவலாசிரியர். 1865 ஜூன் 9இல் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் ரயில் தடம்புரண்டு பத்துப் பேர் இறந்தபோது அவர் அந்த ரயிலில் இருந்தார். உடம்பில் பெரிய காயமில்லை. இறங்கித் தன் தொப்பியில் தண்ணீர் அள்ளி வந்து அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். ஆனால் பிறகு ரயில் ஏறினாலே நடுக்கம். ஐந்து ஆண்டு கழித்து, அதே ஜூன் 9இல் இறந்துபோனார். அந்த நடுக்கத்தை ஒரு நோயென்று ஏற்றுப் பெயர் வைக்க அமெரிக்க மனநல மருத்துவர்களுக்கு 1980 ஆகிவிட்டது.

நம் ஆட்கள் அதை மனதில் வைத்துச் சொல்வதில்லை, உடம்பில் வைத்துத்தான் சொல்வார்கள். நெஞ்சு அடைக்குது, தலை விறைக்குது, பெருமூச்சு வருது. யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போரில் நொந்தவர்களிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். நம் புத்தளத்துக்கு அந்த நோவு புதிதில்லை. விபத்தென்றால் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழுத்தச் சொல்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த உடுப்போடு கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கிய 1990 ஒக்டோபர் ஞாபகம் வருகிற ஆட்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள்.

பாலாவி – கற்பிட்டிப் பாதையில் த்ரீவீல் புரண்டு தப்பிய ஒரு ராத்தாவை எனக்குத் தெரியும். பஸ்ஸில் வலப்பக்கத்து ஆசனத்தில் உட்காரமாட்டா. எதிரே வரும் வாகனம் அந்தப் பக்கம்தானே. பிரேக் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர் யாரென்றும் பாராமல் கையைப் பிடித்துக்கொள்வா. ஓதிப் பார்த்தார்கள், நூல் கட்டினார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். தலையில் கைவைத்து ஒருவர் ஓதும்போதோ திருநீறு பூசும்போதோ கிடைக்கும் தைரியம் பொய்யில்லை. கூடாதது, தூக்கத்துக்கென்று யாரோ கொடுத்த குளிசையைத் தானாக விழுங்குவது. விபத்து நடந்த முதல் மாதத்தில் அந்த வகை மருந்தைப் பதற்றத்துக்குக் கொடுக்க வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது.

பலருக்கு சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் கனவில் லொறி வந்தால், பாதையைக் கடக்கக் கால் வராவிட்டால், சிலாபம் பொது வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்தும் கேட்கலாம்.

இன்னொரு வீடு இருக்கிறது. நுரைச்சோலையில் வெங்காயமும் மிளகாயும் ஏற்றி, விடிவதற்குள் தம்புள்ளை சேர வேண்டுமென்று இரவெல்லாம் கண்விழித்து ஓட்டுகிற சாரதியின் வீடு. அவர் வாகனத்தில் ஒருவர் அடிபட்டு இறந்தால் பொலிஸ், பிணை, தவணை தவணையாக வழக்கு. ஒவ்வொரு தவணைக்கும் அந்த இரவு திரும்ப வரும். பிழை யாருடையது என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். தோடம்பழத்தோடு அந்த வாசலுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். போய், எப்படி நடந்ததென்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள், வெங்காய விலையைக் கேளுங்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள்.

எனக்குப் பிறகு டொக்டர் பேசுவார். மருந்து, கிளினிக் பற்றிய கேள்விகளை அவருக்கு வையுங்கள். என்னிடம் கேட்டால் தேத்தண்ணி எந்தப் பக்கம் என்றுதான் சொல்லத் தெரியும்.