படையினர் குடும்பங்களும் பணமும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தொழிலைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். இந்தக் கல்லூரியில் வர்த்தகப் பிரிவில் படித்து, திருமணத்தின் பின் ஐக்கிய அமெரிக்காவுக்குப் போனவள் நான். வேர்ஜீனியா மாநிலத்தில் நோர்போக் என்ற துறைமுக நகரத்துக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். உலகின் மிகப் பெரிய கடற்படைத் தளம் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தளத்தைச் சுற்றி வாழும் படையினரின் குடும்பங்களுக்கு நிதி ஆலோசனை சொல்வது என் வேலை.

படையினர் குடும்பங்கள் என்று சொன்னவுடன் இந்த மண்டபத்தில் சிலருடைய மனம் சற்றுப் பின்வாங்கும் என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் என் மனமும் அப்படித்தான் இருந்தது. சீருடை என்றால் எங்களுக்குச் சோதனைச் சாவடியும் இடப்பெயர்வும் நினைவுக்கு வரும். அதைச் சொல்லாமல் மேலே பேசுவது நேர்மையாகாது. ஆனால் என் மேசைக்கு முன்னால் வந்து இருப்பவள் பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண். மடியில் குழந்தை. கைப்பையில் பிரிக்காத கடிதங்கள். கணவன் கப்பலில். திரும்பி வர ஆறேழு மாதம் ஆகும். அவளுடைய முகத்தில் இருக்கும் பயத்தை நான் எங்கள் ஊர்ப் பெண்களின் முகங்களிலும் கண்டிருக்கிறேன்.

என்னுடைய வேலை என்ன என்று முதலில் சொல்கிறேன். நான் எதையும் விற்பதில்லை. காப்புறுதி விற்பதில்லை, எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்வதில்லை. குடும்பம் எனக்குக் காசு தருவதும் இல்லை. அவர்களுடைய சம்பளச் சிட்டையை அவர்களோடு சேர்ந்து வாசிப்பேன். வரவு, செலவு, கடன் மூன்றையும் ஒரே தாளில் எழுதுவோம். எந்தக் கடனை முதலில் தீர்ப்பது, யாருக்குத் தொலைபேசி எடுப்பது, எந்தச் சட்டம் அவர்களுக்குத் துணை நிற்கும் என்று பார்ப்போம். உயிருக்கு ஆபத்து, வீட்டு வன்முறை போன்ற சில விடயங்களைத் தவிர, அவர்கள் சொல்வது எதுவும் மேலதிகாரியின் காதுக்குப் போகாது.

மாதம் இரு தடவை, 1ஆம் திகதியும் 15ஆம் திகதியும், தவறாமல் சம்பளம் வருகிறது. வீட்டு வாடகைக்குக் கொடுப்பனவு, உணவுக்குக் கொடுப்பனவு, இலவச மருத்துவம் எல்லாம் உண்டு. அப்படியிருக்க ஏன் கடன் என்று நீங்கள் கேட்கலாம்.

முதலாவது காரணம் இடமாற்றம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டைக் கட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்கோ வேறு நாட்டுக்கோ போகவேண்டும். ஒவ்வொரு முறையும் மனைவியின் வேலை போய்விடும். வேலை செய்ய விரும்பும் துணைவியரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கணக்கெடுப்புகளே காட்டுகின்றன. இரண்டாவது காரணம் இளவயது. பத்தொன்பது வயதில் முதன்முதலாகக் கையில் நிலையான சம்பளம் கிடைக்கிறது. தளத்தின் வாசலைத் தாண்டினால் கார் விற்பவர்களும் கடன் கொடுப்பவர்களும் வரிசையாக இருக்கிறார்கள். சம்பளம் தவறாது, வேலையை விட்டு ஓடவும் முடியாது என்பதால், கடன்காரருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பாரா?

சம்பள நாள் வரையும் கொடுக்கும் கடன் என்று அங்கே ஒன்று உண்டு. 100 டொலருக்கு 15 டொலர் கட்டணம், இரண்டு வாரத்துக்கு. கேட்க 15 வீதம்தானே என்று தோன்றும். ஆண்டுக்கு 26 இரண்டு வாரங்கள். பெருக்கிப் பாருங்கள், 390 வீதம். 500 டொலர் எடுத்தவள் முதலைக் கட்ட முடியாமல் கட்டணத்தை மட்டும் கட்டி ஆறு தடவை நீட்டினால், மூன்று மாதத்துக்குள் 450 டொலர் போய்விடும். 500 டொலர் கடன் அப்படியே நிற்கும். இந்தக் கணக்குக்கு எட்டாம் வகுப்புப் பெருக்கல் போதும். ஆனால் பிள்ளைக்குப் பால்மா இல்லாத இரவில் யாரும் பெருக்கிப் பார்ப்பதில்லை.

2006இல் பாதுகாப்புத் திணைக்களம் இந்தக் கடன்கள் படையினரின் வேலையையே பாதிக்கின்றன என்று நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு, படையினருக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் கொடுக்கும் பலவகைக் கடன்களுக்குக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு 36 வீதத்துக்கு மேல் அறவிடக்கூடாது என்று சட்டம் வந்தது. 2015இல் அதன் விதிகளை மேலும் விரிவாக்கினார்கள். ஆனாலும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. காரையே பிணையாக வைத்து அந்தக் காரை வாங்க எடுக்கும் கடன் அந்தச் சட்டத்துக்குள் வராது. என்னிடம் வரும் இளைஞர்களில் பலர் அந்த வாசலால் விழுந்தவர்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. படையில் சேர்வதற்கு முன் எடுத்த கடனுக்கு, சேவையில் இருக்கும் காலத்தில் 6 வீதத்துக்கு மேல் வட்டி எடுக்கக்கூடாது. அதற்கு மேற்பட்ட வட்டியைப் பின்னர் கேட்கவும் முடியாது, அது தள்ளுபடி. ஆனால் எழுத்தில் கேட்டால்தான் கிடைக்கும். கடன் கொடுத்தவர் தானாக வந்து சொல்லமாட்டார். என் வேலையில் கணிசமான பகுதி, கேட்டால் கிடைக்கும் என்பதைச் சொல்வதுதான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கடனைவிடப் பெரிய பிரச்சினை அதை மறைப்பது.

படையில் பல பதவிகளுக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். பெருங்கடன் இருந்தால் அந்த அனுமதி பறிபோகலாம். கடனில் தவிப்பவரை எதிரி விலைக்கு வாங்கலாம் என்பது அதன் காரணம். ஆகவே கடன் பட்டவர் வாயைத் திறப்பதில்லை. ஆலோசகரிடம் போனால் வேலை போய்விடும் என்று நினைக்கிறார். உண்மையில், உரிய இடத்தில் ஆலோசனை பெற்றதையும் நல்லெண்ணத்தோடு திருப்பிக் கட்ட முயன்றதையும் அந்த விதிகள் அவருக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்கின்றன. மறைத்தவருக்குத்தான் ஆபத்து அதிகம். இதை விளங்க வைத்த அன்று சிலர் கதிரையில் இருந்தபடியே அழுதிருக்கிறார்கள்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கப் பலருடைய கதையைச் சேர்த்துச் சொல்கிறேன். மனைவி வந்தாள். மாதாமாதம் முந்நூறு டொலர் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றாள். கணவன் கடலில், கேட்டால் மின்னஞ்சலில் கோபம். அவளுக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. இதற்கிடையில் கடனட்டைப் பாக்கி, கார்த் தவணை, வாடகை மூன்றும் நெருக்கின. வாடகைக்குக் கடற்படையினருக்கான நிவாரணச் சங்கத்தில் வட்டியில்லாக் கடன் எடுக்க வழி செய்தோம். 1904இல் தொடங்கிய சங்கம் அது. கடனட்டைப் பாக்கி அவன் படையில் சேர முன்னர் பட்டது. 6 வீதச் சட்டத்தைக் காட்டிக் கடிதம் எழுதினோம். மூச்சு விட ஓர் இடைவெளி கிடைத்தது.

கப்பல் திரும்பியபின் இருவரும் சேர்ந்து வந்தார்கள். தாளை விரித்து வரிவரியாகப் போனோம். அந்த முந்நூறு டொலர் வந்ததும் அவன் பேசாமல் இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அம்மாவுக்கு அனுப்புகிறேன். அவவின் வீட்டுக்கு மின்சாரம் வெட்டப்போகிறார்கள் என்று சொன்னா." மனைவி கோபித்துக்கொள்வாள் என்று மறைத்திருக்கிறான். அவளோ, "இதை முதலே சொல்லியிருந்தால் நான் ஏன் சண்டை பிடிக்கிறேன்?" என்றாள்.

ஊருக்குக் காசு அனுப்புவது எங்களுடைய பழக்கம் மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு அது புதிதாக இருந்தது. பாதீட்டில் "அம்மா" என்று ஒரு வரி போடும்படி சொன்னேன். முந்நூறு முடியாது, நூற்றைம்பது முடியும் என்று இருவரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். கடன் அன்றைக்கே தீரவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் எடுத்தன. ஆனால் சண்டை அன்றோடு குறைந்தது.

சேமிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு எங்கள் ஊழியர் சேமலாப நிதியைப் போன்ற ஒரு திட்டம் உண்டு. இரண்டு ஆண்டு சேவைக்குப் பின், அடிப்படைச் சம்பளத்தில் 5 வீதத்தை அவர்கள் போட்டால் அரசும் 5 வீதம் போடும். அதற்கு முன்பு, இருபது ஆண்டு முடிக்காதவர் பெரும்பாலும் ஓய்வூதியம் இல்லாமலே வெளியேறினார். அதே நேரம், அரச சம்பளம் ஒருநாளும் தவறாது என்று நம்பியிருக்கவும் கூடாது. 2019 ஜனவரியில் அரச நிதி ஒதுக்கீடு தடைப்பட்டபோது, கரையோரக் காவற்படையினருக்கு 15ஆம் திகதிச் சம்பளம் வரவில்லை. கையில் ஒரு மாதச் செலவு வைத்திருந்த குடும்பம் பொறுத்துக்கொண்டது. மற்றவர்கள் உணவு வங்கியில் வரிசையில் நின்றார்கள்.

இவ்வளவும் தூரத்து ஊரின் கதை என்று நீங்கள் நினைக்க வேண்டாம். போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் எங்கள் பெண்களை எப்படி வாட்டியது என்பது உங்களுக்குத் தெரியும். வாரத் தவணை, ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அடைவில் நகை, வாசலில் தவணை கேட்டு ஒருவர். 2018இல் அரசே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது என்றால் நிலைமை எவ்வளவு மோசமாக இருந்திருக்கும்! நோர்போக்கில் நான் காணும் கணக்கும் அதே கணக்கு; மௌனமும் அதே மௌனம். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே அந்தப் பெண்ணுக்குப் போய் இருக்க ஒரு கதிரை இருக்கிறது. எதையும் விற்காத, யாரிடமும் சொல்லாத ஒருத்தி எதிரே இருக்கிறாள்.

எங்கள் சங்கத்தில் வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற அக்காமார் இருக்கிறார்கள். கணக்காளர்கள், சட்டத்தரணிகள், கணக்கீடு படிப்பித்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நூற்றாண்டுக்குக் கட்டடம் கட்டுகிறோம், நல்லது. அதனோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கல்லூரியில் ஒரு வகுப்பறையைத் திறந்து, இரண்டு கதிரையும் ஒரு மேசையும் போட முடியாதா? கடன் பத்திரத்தைக் கொண்டுவரும் எந்தப் பெண்ணுக்கும் அதை வாசித்து விளங்கப்படுத்துவோம். உயர்தர மாணவிகள் கல்லூரியை விட்டுப் போகுமுன் வட்டியை ஆண்டுக் கணக்கில் பெருக்கிப் பார்க்கப் பழக்குவோம். வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் இணையவழியாகச் சேர்ந்துகொள்வோம். முதல் சனிக்கிழமைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.