“படம் லேக் டா”ன்னு நான் சொன்ன அன்னைக்கு

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஒரு படத்தைப் பத்திப் பேசப் போறேன். இல்ல, மூணு படம். எல்லாத்துலயும் ஸ்பாய்லர் இருக்கு. பார்க்காதவங்க பாஸ் பண்ணிட்டு, பார்த்துட்டு வாங்க. எபிசோட் எங்கயும் போயிடாது.

முதல்ல ஒரு குட்டிக் கதை. 2012-ல ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’னு ஒரு படம் வந்துச்சு. கல்யாணம் நெருங்கிட்ட நேரத்துல மாப்பிள்ளை கிரிக்கெட் ஆடி, கேட்ச் பிடிக்கப் போய் தலையில அடிபட்டு, கல்யாணப் பொண்ணையே மறந்துடுவான். இது சும்மா எழுதின கதை இல்லை. ஒளிப்பதிவாளர் சி. பிரேம்குமாருக்கு நிஜமாவே நடந்தது. அவரோட ஃப்ரெண்ட் பாலாஜி தரணீதரன் அதைப் படமா எடுத்தார். கேமரா யாருன்னு பார்த்தா, அதே பிரேம்குமார்! தனக்கு நடந்ததைத் தானே ஷூட் பண்ணியிருக்கார்.

அந்தப் பிரேம்குமார்தான் 2018-ல ‘96’, 2024-ல ‘மெய்யழகன்’ எடுத்த டைரக்டர். இந்த மூணையும் வரிசையா வச்சுப் பாருங்க. முதல் படத்துல ஒருத்தன் எல்லாத்தையும் மறந்துடுறான். ரெண்டாவதுல ராம் எதையுமே மறக்க மாட்டான், ஜானுவோட ஞாபகங்களை எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிருப்பான். மூணாவதுல, ஒருத்தன் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கான், எதிர்ல இருக்கிறவருக்கு அவன் பேர்கூட ஞாபகம் இல்லை. பிளான் பண்ணிச் செஞ்சாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா மூணும் ஞாபகத்தைப் பத்தின படங்கள்தான்னு எனக்குத் தோணுது.

சரி, இப்போ நம்ம ரூமுக்கு வருவோம். நாங்க நாலு பேர், வேளச்சேரில ஒரு வீடு. சனிக்கிழமை நைட்டுன்னா பரோட்டா பார்சல், ஒரு படம். ரூல் எதுவும் இல்லை. நடுவுல ஃபோன் பார்ப்போம், கமெண்ட் அடிப்போம், போர் அடிச்சா பத்து பத்து செகண்டா தள்ளி விடுவோம். ‘96’ ரிலீஸாகி ஒரு மாசத்துலயே தீபாவளிக்கு டிவில போட்டாங்க இல்லையா? அதையும் அப்படித்தான் பார்த்தோம். விளம்பர இடைவேளைல கேரம் ஆடிக்கிட்டு!

‘மெய்யழகன்’ ஓடிடில வந்ததும் போட்டோம். தியேட்டர்ல வந்தப்போ கிட்டத்தட்ட மூணு மணி நேரப் படம். நீளம்னு பேச்சு வந்து, சில நாள்லயே சுமார் 18 நிமிஷத்தை வெட்டினாங்க. வெட்டினதுக்கு அப்புறமும் எனக்குப் பொறுமை இல்லை. அரவிந்த்சாமி ஊருக்குத் திரும்பி வர்றார், கார்த்தி பேசிக்கிட்டே இருக்கார். நான் ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு, “படம் லேக் டா, ஒரு வீடு போனதுக்கா இவ்ளோ சீன்?”னு சொன்னேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க. நாலாவது ஆள் சிரிக்கல.

திரும்பிப் பார்த்தா, அழுதுக்கிட்டு இருக்கான். சத்தமே இல்லாம. நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? கலாய்ச்சோம். “மச்சான் எமோஷனல் ஆயிட்டான்”னு ஒருத்தன் ஃபோனைத் தூக்கி வீடியோ எடுக்கப் போனான். அவன் எழுந்து மொட்டை மாடிக்குப் போயிட்டான்.

கொஞ்ச நேரம் கழிச்சு நான் மேல போனேன். சாரி கேட்கத் தெரியல, அதனால “பரோட்டா ஆறுது, வாடா”ன்னேன். அப்புறம் அவனே சொன்னான். அவன் பிளஸ் டூ படிக்கும்போது அவங்க வீடு கை மாறிடுச்சு. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சொத்துத் தகராறு. பரீட்சைக்கு நடுவுல வீட்டைக் காலி பண்ணியிருக்காங்க. இன்னைக்கு வரைக்கும் அவங்க அப்பா அந்தத் தெரு வழியாப் போக மாட்டாராம், சுத்திக்கிட்டுதான் போவாராம்.

அஞ்சு வருஷம் மக்களே. அஞ்சு வருஷம் ஒரே ரூம். அவன் எந்த ஹீரோ ஃபேன், எந்த சீன்ல விசில் அடிப்பான், பரோட்டாவுக்கு சால்னாவா குருமாவா, எல்லாம் எனக்குத் தெரியும். பொங்கலுக்கு நாங்க எல்லாரும் ஊருக்குக் கிளம்பும்போது அவன் மட்டும் ஏன் ரூம்லயே இருக்கான்னு ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. “ஆபீஸ்ல லீவு இல்லடா”ன்னு சொல்வான். நான் நம்பிட்டேன். நம்புறது எனக்கு ஈஸியா இருந்துச்சு, அவ்ளோதான்.

படத்துல அரவிந்த்சாமி ராத்திரி முழுக்க கார்த்தியோட பேசுவார், சாப்பிடுவார். ஆனா “உன் பேர் என்ன?”ன்னு கேட்க மாட்டார். கேட்டா, தெரியலைங்கிறது வெளிய வந்துடுமே! விடியும்போது சொல்லாம கிளம்பிடுவார். அந்த சீன்ல எனக்கு முதல்ல அவர் மேல கோவம் வந்துச்சு. மொட்டை மாடில நின்னப்போ புரிஞ்சுது, நானும் கேட்காம இருந்தவன்தான்.

இதைச் சொல்றதால ‘மெய்யழகன்’ குறையே இல்லாத படம்னு அர்த்தம் இல்லை. இப்பவும் ரெண்டாவது பாதில சில இடம் இழுக்குதுன்னுதான் நினைக்கிறேன். உங்களுக்குப் பிடிக்கலன்னா தாராளமாச் சொல்லுங்க. ஆனா “லேக்”ங்கிற வார்த்தையை இப்போ கொஞ்சம் யோசிச்சுத்தான் யூஸ் பண்றேன். எனக்கு நகராத சீன், பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்கு அவன் வீட்டுக் கதையா இருக்கலாம்.

முதல் படத்துக்கே திரும்பப் போறேன். அதுல அடிபட்டவன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பான். ஃப்ரெண்ட்ஸ் கடுப்பாவாங்க, திட்டுவாங்க, ஆனா விட்டுட்டுப் போக மாட்டாங்க. நாங்க அதைக் காமெடியாத்தான் பத்துத் தடவை பார்த்திருக்கோம். இப்போ பார்த்தா, நல்ல ஃப்ரெண்ட்ஷிப் படம்னா எனக்கு அதுதான்.

இந்தப் பொங்கலுக்கு அவன் எங்க ஊருக்கு வந்தான். அம்மா அவன்கிட்ட என்னைவிட நல்லாப் பேசினாங்க. இந்த எபிசோட்ல அவனைப் பத்திப் பேசலாமான்னு கேட்டேன். “பேசு, ஆனா நான் சத்தமில்லாமதான் அழுதேன்னு சொல்லிடு”ன்னான். சொல்லிட்டேன்டா.

அடுத்த சனிக்கிழமை நீங்க யாரோட படம் பார்க்கிறீங்களோ, முடிஞ்சதும் ரேட்டிங் கொடுக்கிறதுக்கு முன்னாடி, “உனக்கு எந்த சீன்டா?”ன்னு ஒரு கேள்வி கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம், பை!