காட்டுப்பூக்களும் நம் வளவும்

(சங்கத்தின் ஆவணி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று எனக்குத் தரப்பட்ட பொருள் வீட்டுத்தோட்டம். கத்தரியும் மிளகாயும் வெங்காயமும் பற்றிப் பேசுதற்கு இவ்வவையிலே என்னைக் காட்டிலும் தகுதியுடையோர் பலர் வீற்றிருக்கின்றனர். அவர்கள் முன் அப்பயிர்களைப் பற்றி நான் வாய்திறப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகும். ஆதலின் யாரும் நடாத, யாரும் நீரூற்றாத செடிகளைப் பற்றிப் பேசத் துணிந்தேன். தும்பை, ஆவரசு, எருக்கு, காக்கணம், துத்தி, விஷ்ணுகிராந்தி முதலிய காட்டுப்பூக்களை வீட்டு வளவிலே வேண்டுமென்றே வளர்க்கலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இவ்வாறு சொன்னவுடனே முன்வரிசையிற் சில முகங்கள் சுருங்குகின்றன. காரணம் எனக்கு விளங்காமலில்லை. நம்மூரில் "வளவு பற்றை பற்றிப்போயிற்று" என்றால் அது வெறும் புல்லைக் குறித்த பேச்சாகாது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டு இரவோடிரவாகப் புறப்பட்டனர். மறு ஆண்டு திரும்பியோரை முதலில் எதிர்கொண்டது முற்றத்திலே எழுந்து நின்ற பற்றைதான். வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டிருந்த காணிகளுக்கோ, இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் போகமுடியாதிருந்தவர்கள் உண்டு. போனபோது, எது தம் காணி, எது அயலார் காணி என்று அறிவதே அவர்களுக்குப் பெரும்பாடாயிற்று. ஆகவே, உழவாரத்தாற் புல்லுச் செருக்கிக் கூட்டி வைத்த முற்றம், "இவ்வீட்டிலே ஆள் இருக்கிறது" என்பதற்கு அடையாளம். அவ்வடையாளத்தை அழிக்குமாறு பெரியோர்களைக் கேட்க நான் வரவில்லை. உழவாரம் அப்பர் சுவாமிகள் கையிலிருந்த ஆயுதம். அதனை எதிர்த்துப் பேசும் துணிவும் எனக்கில்லை.

ஆயினும் முற்றம் வேறு, வளவு வேறு. வீட்டைச் சுற்றிப் பத்தடி தூரமும், படலையிலிருந்து வாசல்வரை வரும் பாதையும், கிணற்றடியும் எப்போதும்போற் சுத்தமாக இருக்கட்டும். அதற்கப்பால் வேலியோரமாகவோ கோடிப்புறமாகவோ இரண்டு பாய் விரிக்கும் அளவு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தைக் கயிறு பிடித்து நேராக வெட்டிவிடுங்கள். நான் படித்த மிஷன் பாடசாலையின் முன்றிலிலே பூப்பாத்திகளின் ஓரங்கள் அவ்வாறுதான் வெட்டப்பட்டிருந்தன. அங்கே கற்றவற்றுள் என் வளவுக்கு மிகவும் பயன்பட்டது இந்த ஓரந்தான். உள்ளே தும்பை எப்படி நின்றாலும், வெட்டிய ஓரம் ஒன்றிருந்தால், பார்ப்பவர் அதனைப் பற்றை என்று சொல்லமாட்டார். யாரோ ஒருவர் நினைத்துச் செய்தது என்று கண்டுகொள்வார். களை என்பதற்கு, "வேண்டாத இடத்தில் நிற்கும் செடி" என்று அங்கே ஆங்கிலத்தில் இலக்கணமும் படித்தோம். வேண்டுவதும் வேண்டாததும் யாருக்கு என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனி, இது எதற்காக என்று கேட்பீர்கள். முதற்காரணம் தண்ணீர். நம் குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். வற்றாத ஆறு நமக்கில்லை. நமது கிணற்று நீர், சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களிலே தங்கி நிற்கும் அந்த மழைநீரே. பாரங் குறைந்த நன்னீர் மேலே மிதக்க, அதன் கீழே உவர்நீர் கிடக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். இஃதனைத்தும் இங்குள்ள கமக்காரர் யாவரும் அறிந்த செய்தியே. ஆனால் பூச்சட்டிக் கணக்கை நாம் பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் முப்பது பூச்சட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். சட்டிக்குக் காலையில் இரண்டு லீற்றர், மாலையில் இரண்டு லீற்றர் என்றால் நாளொன்றுக்கு 120 லீற்றர். வறண்ட ஆறு மாதங்களில் அது 21,600 லீற்றராகும். பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும் இருக்க, எழுபது வயதுத் தாயார் ஒருவர் தனியே நின்று குரோட்டன் செடிகளுக்கு வாளி சுமப்பதை நம்மூரில் எத்தனை வீடுகளிலே காண்கிறோம்!

ஆவரசுக்கு வேர்பிடித்த பின் ஒரு வாளி நீரும் வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் மற்றவை வாடிக் கருகும்போது அது பொன்போலப் பூத்து நிற்கும். அதன் பூவை அடுத்த முறை சற்று நின்று பாருங்கள். அதன் மகரந்தக்கூடு மற்றப் பூக்களிற்போலப் பிளந்து திறப்பதில்லை. நுனியிலே சிறு துவாரம் மாத்திரம் உண்டு. கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்யும். அரிதட்டைத் தட்ட மா உதிர்வதுபோல மகரந்தம் உதிரும். வண்டு பறக்கும்போது எழும் ஒலி வேறு, பூவிலிருந்து அதிரும்போது எழும் ஒலி வேறு. கேட்டுப் பழகியவருக்கு வேற்றுமை தெரியும்.

எருக்கைப் பலரும் இகழ்வர். செம்மஞ்சட் சிறகில் கருங்கரையும் வெள்ளைப் புள்ளியும் உடைய ஒரு வண்ணாத்திப்பூச்சி அதன் இலையிலே முட்டையிடும். எருக்கம்பாலின் நஞ்சை உண்டு வளரும் புழுவின் உடலில் அந்நஞ்சு தங்கிவிடுகிறது. புழு வண்ணாத்தியான பின்பும் அது நீங்குவதில்லை. அதனால் ஒருமுறை தின்று அறிந்த பறவை மறுமுறை அதனை நாடாது. அந்தப் பால் நம் கண்ணுக்கும் கேடு செய்யும். ஒடிப்போர் கவனிக்கவேண்டும். துத்தி பிற்பகலிலே மலரும். விஷ்ணுகிராந்தியின் சின்ன நீலப்பூ காலையில் விரிந்து மதியத்துள் வாடிவிடும். இரண்டையும் அடுத்தடுத்து விட்டால் முற்பகலுக்கு ஒன்றும் பிற்பகலுக்கு ஒன்றுமாகக் காட்சி தரும். காக்கணத்தை, சங்குப்பூ என்றாலும் ஒன்றே, வேலியில் ஏற்றிவிடலாம். அது அவரையினம், வேர்முடிச்சுக்களிலே காற்றின் நைதரசனைப் பிடித்து மண்ணுக்கு உதவுவது. கிளுவை வேலியும் கிடுகுவேலியும் போய் மதில் வந்தபின் அது ஏற இடமின்றித் தவிக்கிறது. மதிலுக்கு ஒரு பழைய வலைத்துண்டைக் கட்டிவிட்டாற் போதும்.

இச்செடிகள் நமக்கு அந்நியமானவையல்ல என்பதைப் பெரியோர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தும்பையும் எருக்கும் கொன்றையும் ஊமத்தையும் சிவபெருமானுக்கு உரிய பூக்கள். பிள்ளையாருக்குச் சாத்தும் இருபத்தொரு பத்திரங்களில் அறுகும் நாயுருவியும் உண்டு. சென்ற தலைமுறை இவற்றை வளவிலே பறித்தது. நாமோ, பிளாஸ்ரிக் பையிற் கட்டிய பூவைக் கடையிலே வாங்குகிறோம்.

செய்யும் முறை எளிது. புரட்டாதிக் கடைசியில், முதல் மழைக்குச் சற்று முன்பு, நிலத்தை இலேசாகக் கொத்திவிடுங்கள். ஆவரசு, காக்கணம் ஆகியவற்றின் விதைத்தோல் வன்மையானது. கரடான கல்லில் மெல்ல உரைஞ்சி, ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றவேண்டும். தும்பை விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவிக் காலால் மிதித்துவிட்டாற் போதும், மண்ணால் மூடவேண்டா. எரு இடவும் வேண்டா. எருவிட்டால் கோரையும் புல்லுந்தான் முந்திக்கொண்டு எழும். தையிலோ மாசியிலோ தும்பை காய்ந்து விதை முற்றியபின் ஒரு சாண் உயரம் விட்டு அரிந்து, இரண்டு மூன்று நாள் அங்கேயே கிடக்கவிடுங்கள். விதை உதிர்ந்தபின் சருகை அள்ளலாம். கொளுத்தலாகாது.

இத்தோட்டத்திற்கு வேலை குறைவு என்றேனேயன்றி, வேலையே இல்லையென்று சொல்லவில்லை. சிலவற்றைப் பிடுங்கியே ஆகவேண்டும். பார்த்தீனியம் வெண்ணிறப் பூவோடு அழகாகத்தான் நிற்கும்; ஆனால் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை சிந்தும்; தோலிலே சொறியையும் சிலருக்கு இழுப்பையும் உண்டாக்கும். அதனைப் பூக்குமுன்னர், கையுறை அணிந்து, வேரோடு பிடுங்கவேண்டும். நாயுண்ணியும் இந்நாட்டுக்கு உரியதன்று. 1826ஆம் ஆண்டிலே அழகுக்கென்று கொண்டுவரப்பட்ட அச்செடி இன்று காடுகளையே அடைத்து நிற்கிறது. வெளியிலிருந்து வந்ததெல்லாம் தீது என்றும் கொள்ளற்க. பட்டிப்பூவின் தாயகம் மடகஸ்கார். அது நம் மணலில் யாருக்கும் இடைஞ்சலின்றிப் பூக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளுள் இரண்டு அதிலிருந்து பெறப்பட்டவை. ஆகவே செடியின் ஊரைக் கேட்பதோடு, அது அயலிலே நிற்கும் செடிக்கு இடம் விடுகின்றதா என்பதையும் பார்க்கவேண்டும். கார்த்திகைப்பூவோ நம் மண்ணுக்கே உரியது. இலைநுனியாற் பற்றி ஏறி, மஞ்சளாய் விரிந்து செந்நெருப்பாய் மாறும். எனினும் அதன் கலப்பைக்கிழங்கு கொடிய நஞ்சு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதனை நான் சொல்லமாட்டேன். நெருஞ்சியைப் பற்றி வெறுங்காலோடு நடப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பாம்பு வருமே என்பது கடைசி ஆட்சேபம், அது நியாயமானதே. சுருட்டை நம் பகுதியில் உண்டு. ஆதலினாற்றான் பத்தடி தூரம் வெறுமையாக இருக்கவேண்டும் என்றேன். கற்குவியல், ஓட்டுக்குவியல், மட்டைக்குவியல் ஆகியவற்றைப் பூநிலத்தின் அருகே வைக்கலாகாது. பாம்புக்கும் எலிக்கும் பூவைவிட அவையே விருப்பம். இரவில் விளக்கின்றி அப்பக்கம் போகவேண்டா. டெங்கு நுளம்புக்கோ இத்தோட்டத்தில் இடமில்லை. அது முட்டையிடுவது தேங்கிய நீரில். சிரட்டையிலும் ரயரிலும் பூச்சட்டியின் அடித்தட்டிலும்.

தும்பை, ஆவரசு, காக்கண விதைகளைச் சிறு பொதிகளாகக் கட்டி வாசல் மேசையிலே வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒன்றாக எடுத்துச் செல்லலாம். எருக்கம் விதை கொண்டுவரவில்லை. அது காற்றோடு தானே வந்து சேரும். வந்ததைச் செருக்கிவிடாதிருந்தாற் போதும். மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கயிற்றையும் மண்வெட்டியையும் தேடி எடுத்துவையுங்கள்.