காரின் குளிர்நீரை மாற்றுதல்

(செம்பனைத் தோட்டம் ஒன்றில் வாகனமோட்டிகளுக்கு ஆற்றிய உரை)



மண்டபத்துக்கு வெளியே நிற்கும் கார்களைப் பார்த்துவிட்டே உள்ளே வந்தோம். பழைய புரோட்டோன் சாகா இரண்டு, கஞ்சில் மூன்று, மைவி ஒன்று. தோட்டத்தில் துரை ஒருவரிடம் மட்டுமே கார் இருந்த காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1985ஆம் ஆண்டில் சாகாவும், 1994ஆம் ஆண்டில் கஞ்சிலும் சாலைக்கு வந்த பின்னர் அந்நிலை மாறியது. பிள்ளைகளைப் பள்ளிக்கும், நோயாளியை மருத்துவமனைக்கும் கொண்டு செல்ல இன்றும் பல வீடுகளில் அந்தப் பழைய கார்களே உதவுகின்றன. அவற்றுக்கு எண்ணெய் மாற்ற நாம் மறப்பதில்லை. ரேடியேட்டரில் உள்ள நீரைத்தான் மறந்துவிடுகிறோம்.

நாமும் அவ்வாறு மறந்தவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஒரு பழைய காரில் ஏறிக்கொண்டிருந்தோம். ரிங்லெட்டை அடையுமுன்னரே வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியின் இடுக்கில் ஆவி கிளம்பியது. காரை ஓரமாக நிறுத்தி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனோம். பின்னால் வந்து நின்ற காய்கறி லோரியின் ஓட்டுநர், வயதில் மூத்தவர், ஓடிவந்து நம் கையைப் பற்றி இழுத்தார். ஒன்றும் பேசாமல் தம் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டு முதல் முழங்கை வரை வெந்து ஆறிய வடு!

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து மூடியைத் திறந்தபொழுது, உள்ளே இருந்தது தண்ணீரன்று. செந்நிறத் துருக் குழம்பு. மூன்று ஆண்டுகளாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்ததன் பலன் அது. இயந்திரத்தின் தலைப்பகுதி வளைந்துபோயிருந்தது. அவ்வாண்டு தீபாவளிக்கென்று சேர்த்த பணம் பட்டறைக்குப் போயிற்று.

அந்த முதியவர் ஏன் தடுத்தார் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியோ உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பது. அவ்வழுத்தத்தில் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் நீங்கி, அந்நீர் ஆவியாகச் சீறி முகத்திலும் கையிலும் பாயும். துணி அதைத் தடுக்காது. கார் முழுவதும் ஆறும் வரை மூடியைத் தொடலாகாது.

"பனியே பெய்யாத நாட்டில் உறைதடுப்பு மருந்து எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். கடையில் கூலண்ட் என்று விற்கப்படும் நீர்மத்தில் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால். தண்ணீருடன் சரிபாதி கலந்தால் கழித்தல் 37 பாகை வரை அது உறையாது. நமக்கு அந்த நன்மை தேவையில்லை. வெறும் தண்ணீர் வெப்பத்தை இன்னும் நன்றாக ஏந்திச் செல்லும் என்பதும் உண்மையே. ஆயினும் நம் கார்களில் பலவற்றின் இயந்திர உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். இரு வேறு உலோகங்கள் ஒரே நீரில் நனைந்திருந்தால் அரிப்பு விரைவில் தொடங்கும். அதைத் தடுக்கும் மருந்துகள் கூலண்டில் உள்ளன. கொதிநிலையையும் அது சில பாகை உயர்த்துகிறது. கிணற்று நீரை ஊற்றுவோர் இன்னொன்றையும் கருத வேண்டும்: ஈப்போ வட்டாரம் போன்ற சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் அந்நீர் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் காரையாகப் படியும்.

அரிப்புத் தடுப்பு மருந்து நாளடைவில் தீர்ந்துபோகும். ஆகையால்தான் குளிர்நீரை மாற்றுகிறோம். பழைய வகைக்கு இரண்டு ஆண்டு, கரிம அமில வகைக்கு ஐந்து ஆண்டு என்பது பொதுக் கணக்கு. காருடன் வந்த கையேடே முடிவானது. பச்சை, சிவப்பு, நீலம் என்னும் நிறத்தை நம்பி வாங்காதீர்கள். நிறம் தயாரிப்பாளரின் விருப்பம், வகையைக் காட்டுவதன்று.

இரவு முழுவதும் நின்ற காரில் காலையில் வேலையைத் தொடங்குங்கள். ரேடியேட்டரின் அடியில் அகன்ற பேசினை வைத்து, மேல் மூடியைத் திறந்து, பின்னர் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்துங்கள். அது பிளாஸ்டிக்காயின் முரட்டுக் கை ஆகாது, உடைந்துவிடும். திருகு இல்லாவிடில் கீழ்க் குழாயைக் கழற்றலாம். துணைப் புட்டியில் உள்ளதையும் கொட்டிவிட வேண்டும். பிறகு தூய நீரை நிரப்பி, மேல் குழாய் சூடேறும் வரை இயந்திரத்தை ஓட்டி, ஆறவிட்டு மீண்டும் வடியுங்கள். தெளிந்த நீர் வரும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். எவ்வளவு வடித்தாலும் இயந்திரத்தின் உள்ளறைகளில் கொஞ்சம் நீர் தங்கிவிடும். அதன் மேல் சரிபாதிக் கலவையை ஊற்றினால் மருந்து நீர்த்துப்போகும். ஆகவே, மொத்தக் கொள்ளளவைக் கையேட்டில் பார்த்து, அதில் பாதியளவு கலக்காத கூலண்டை முதலில் ஊற்றி, எஞ்சியதை வடித்திறக்கிய நீரால் நிரப்புங்கள். மூடியைத் திறந்தே வைத்து இயந்திரத்தை மெல்ல ஓடவிட்டால் அடைபட்ட காற்று குமிழ்களாக வெளியேறும். மட்டம் இறங்க இறங்க நிரப்பி, பொங்கத் தொடங்குமுன் மூடிவிடுங்கள். மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கும். விரல்கள் அங்கே போகக் கூடாது. மறுநாள் காலையில் மட்டத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

வெப்ப ஊருக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியச் சொல்லும் மெக்கானிக்குகளும் உளர். கேளாதீர்கள். இயந்திரம் போதிய சூடேறாமல் ஓடினால் பெட்ரோலும் வீண், தேய்மானமும் மிகுதி.

இனி, அந்தப் பேசினில் உள்ள பழைய நீர். தாய்மார்கள் இதைச் சற்றுக் கவனித்துக் கேட்க வேண்டுகிறோம். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாய் நக்கும், ஆடு குடிக்கும், நிறத்தைக் கண்டு குழந்தையும் வாய் வைக்கும். கால்வாயில் கொட்டாதீர்கள், மூடியுள்ள கலத்தில் அடைத்து, பெயரெழுதி, கழிவெண்ணெய் சேர்க்கும் பட்டறையில் இதையும் ஏற்பார்களா என்று கேட்டு ஒப்படையுங்கள். குளிர்பானப் புட்டியில் மட்டும் ஊற்றி வைக்க வேண்டாம். குழந்தை குடித்துவிட்டால் முதலில் மது அருந்தியவர் போல் தள்ளாடும். பிறகு தேறியது போலவும் தோன்றலாம். அதை நம்பி வீட்டிலிருந்தால் சிறுநீரகங்கள் கெட்டுவிடும். மாற்று மருந்து உண்டு. விரைந்து கொடுத்தால்தான் பயன். தூங்கட்டும், காலையில் பார்ப்போம் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கூலண்ட் புட்டியையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெளியே நிற்கும் கஞ்சில்களில் ஒன்று நேற்று மாலையிலிருந்து ஓடவில்லை என்று அதன் உரிமையாளர் கூறினார். வாருங்கள், அதன் மூடியைத் திறந்து உள்ளே என்ன நிறத்தில் இருக்கிறதென்று எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.