கைக்கெட்டும் தூரத்தில் தொட்டில்



வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த வீட்டில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து எடுத்து வைப்பார் பாட்டி. விட்டத்தில் கொக்கி உறுதியாக இருக்கிறதா என்று தாத்தா அண்ணாந்து பார்ப்பார். மாப்பிள்ளை தன் பங்குக்குக் கைப்பேசியில் தொட்டில்களைத் தேடிக்கொண்டிருப்பார். தாயின் கட்டிலை ஒட்டி வைத்துக்கொள்ளும் சின்னத் தொட்டில், கடைக்காரர்கள் பெட்சைடு கிரிப் என்று சொல்வது, இப்போது நம் ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது. ஒரு பக்கத் தடுப்பை இறக்கிவிட்டால் தாய் படுத்த இடத்திலிருந்தே கையை நீட்டிக் குழந்தையைத் தொடலாம். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு, குனிந்து நிமிர முடியாத முதல் சில வாரங்களில், இது பெரிய உதவி. அந்தத் தொட்டிலைப் பார்த்து வாங்குவது எப்படி, வாங்கி வந்தபின் வைத்துக்கொள்வது எப்படி என்றுதான் இன்று பேசப் போகிறேன்.

தொட்டிலுக்குப் போவதற்கு முன்னால் அதில் படுக்கப்போகிற குழந்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் தலை, அதன் மொத்த நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் வலு கழுத்துக்கு இன்னும் வரவில்லை. மெத்தென்ற ஒன்றில் முகம் புதைந்தால் அதனால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. தான் வெளியே விட்ட காற்றையே திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நமக்கு அப்படி ஆனால் திடுக்கிட்டு விழித்துக்கொள்வோம். சில குழந்தைகளுக்கு அந்த விழிப்பு வருவதில்லை. அழுகைச் சத்தம்கூட வராது என்பதுதான் இதில் கொடுமை. தூக்கத்தில் நேரும் இத்தகைய திடீர் மரணங்கள் பெரும்பாலும் முதல் 6 மாதங்களுக்குள், அதிலும் 2 முதல் 4 மாதக் குழந்தைகளிடம்தான் அதிகம்.

இதில் பெரிய மாற்றம் வந்தது ஒரு சாதாரணமான அறிவுரையால். மேலை நாடுகளில் பல ஆண்டுகள் குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்கவைக்கும் வழக்கம் இருந்தது. மருத்துவர்களே அப்படித்தான் சொல்லி வந்தார்கள். 1980களின் இறுதியில் நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும் நடந்த ஆய்வுகள், குப்புறத் தூங்கும் குழந்தைகளே அதிகம் இறக்கிறார்கள் என்று காட்டின. 1991இல் இங்கிலாந்தின் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட், நான்கு மாத மகன் செபாஸ்டியனைத் தூக்கத்தில் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தோடு நியூசிலாந்து போய் விவரம் தெரிந்துகொண்டு வந்து, தன் நாட்டு அரசை விடாமல் கேட்டார். அந்த ஆண்டு இறுதியிலேயே குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்ற பிரசாரம் தொடங்கியது. 1994இல் அமெரிக்காவும் அதைத் தொடங்கியது. இரண்டு நாடுகளிலும் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. புது மருந்து எதுவும் இல்லை. படுக்கவைக்கும் விதம்தான் மாறியது.

மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழாயில் போய்விடுமே என்று பாட்டிமார் பயப்படுவார்கள். நியாயமான பயம். ஆனால் உடலின் அமைப்பு வேறு மாதிரி இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகின்றன. எதுக்களித்து வரும் பால், மேலே இருக்கும் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது. ஒருக்களித்துப் படுக்கவைப்பதும் பாதுகாப்பு இல்லை, அங்கிருந்து குப்புறச் சரிய ஒரு நொடி போதும்.

இனி கடைக்குப் போவோம். பிறந்த குழந்தை தூங்கும் இடம் சமமாக, கெட்டியாக, காலியாக இருக்க வேண்டும். தாயின் அறையிலேயே, அவள் கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் தனிப் படுக்கையாக இருக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. குறைந்தது முதல் 6 மாதம் இப்படி ஒரே அறையில் தூங்கவைக்கச் சொல்கிறது.

மெத்தையை உள்ளங்கையால் அழுத்துங்கள். கையை எடுத்ததும் பழைய நிலைக்கு வர வேண்டும். கை வைத்த இடம் குழியாகவே நின்றால் அந்தத் தொட்டில் வேண்டாம். நமக்கு மெத்தென்று இருப்பதுதான் சுகம், அதனால் இந்தக் கெட்டி மெத்தையைத் தொட்டதும் பிள்ளைக்கு உறுத்துமே என்று மனசு அடித்துக்கொள்ளும். உறுத்தாது. வீட்டில் இருக்கும் இலவம்பஞ்சு மெத்தையை அதன்மேல் போட்டுவிடாதீர்கள். அடுத்து, மெத்தைக்கும் தொட்டிலின் பக்கச் சுவருக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் அந்த இடைவெளி ஆபத்து. மரச்சட்டம் வைத்த தொட்டிலென்றால் சட்டங்களுக்கு நடுவில் 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்குமேல் போனால் குழந்தையின் உடல் நழுவி, தலை மாட்டிக்கொள்ளும்.

சில தொட்டில்களில் தலைப் பக்கத்தை உயர்த்தும் வசதி இருக்கும். பால் எதுக்களிக்காமல் இருக்க இது நல்லது என்று சொல்லியே விற்பார்கள். அந்த வசதியைத் தூங்கும் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். சாய்வில் படுத்தால் தலை முன்னால் கவிழ்ந்து, முகவாய் மார்பில் அழுந்தி, மூச்சுப் பாதை மடங்கும். அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் விற்ற ராக் அண்ட் ப்ளே என்ற சாய்வுப் படுக்கையை 2019இல் திரும்பப் பெற்றார்கள். 47 லட்சம் படுக்கைகள். அதற்குள் 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்திருந்தார்கள். 2022இல் அந்த நாட்டில் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளையும், தொட்டிலின் உள்சுற்றில் கட்டும் மெத்தைத் தடுப்புகளையும் சட்டமே போட்டுத் தடுத்தார்கள். தலை இடிக்காமல் இருக்கட்டும் என்று நாம் அன்பாகக் கட்டும் அந்தப் பஞ்சுத் தடுப்பு இங்கே கடை கடையாகத் தொங்குகிறது. பரிசாக வந்தாலும் கட்டாதீர்கள்.

கட்டிலோடு ஒட்டும் தொட்டிலுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தாயின் கட்டிலும் தொட்டிலும் சேரும் இடம்தான் அது. அங்கே விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் இரவில் அது விரியும், தாய் புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் தொட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். இதற்காகத்தான் தொட்டிலோடு இரண்டு நீளப் பெல்ட்டுகள் கொடுக்கிறார்கள். அவற்றைத் தாயின் மெத்தைக்கு அடியில் கொண்டுபோய்க் கட்டிலின் அந்தப் பக்கத்துச் சட்டத்தில் மாட்டி இறுக்க வேண்டும். பல வீடுகளில் அந்தப் பெல்ட்டுகள் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும், சக்கரத்துக்குத்தான் பூட்டு இருக்கிறதே என்று. சக்கரத்தின் பூட்டு தொட்டிலை நிறுத்துமே தவிரக் கட்டிலோடு சேர்த்துப் பிடிக்காது.

நம் ஊர்க் கட்டில்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. மெத்தை உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றி மரச்சட்டம் நாலு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டிலை எவ்வளவு நெருக்கினாலும் அது அந்தச் சட்டத்தில்தான் முட்டும், மெத்தையோடு சேராது. அடியில் பெட்டி வைத்த கட்டிலில் தொட்டிலின் கால் உள்ளே போகவே போகாது. ஆகவே கடைக்குப் போகும்முன் டேப் எடுத்துத் தரையிலிருந்து உங்கள் மெத்தையின் மேற்பரப்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கட்டிலின் ஓரத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். தடுப்பை இறக்கிய பக்கத்திலும் குழந்தையின் மெத்தையிலிருந்து ஒரு கரை உயர்ந்து நிற்க வேண்டும். 2019இல் வந்த ஐரோப்பியத் தரவிதி அந்தக் கரை குறைந்தது 120 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. குழந்தை உங்கள் பக்கம் உருளாமலும், உங்கள் போர்வையும் தலையணையும் அதன் பக்கம் சரியாமலும் காப்பது அந்தக் கரைதான். முழுப் பக்கமும் திறந்து, இரண்டு மெத்தையும் ஒரே பரப்பாகத் தெரிகிற தொட்டிலை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அளவு எப்படியும் ஒத்துவரவில்லையா? நான்கு பக்கத் தடுப்பையும் ஏற்றிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்க ஒருமுறை எழுந்து உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான். குழந்தைக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. ஏற்றி இறக்கும் தடுப்பு எதுவானாலும் அதன் பூட்டைக் கடையிலேயே பத்து முறை போட்டுப் பாருங்கள். பெரிய தொட்டில்களில் சறுக்கி இறங்கும் பக்கம் கழன்று, 2000க்குப் பிறகு அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2011 ஜூன் மாதத்திலிருந்து அந்த வகைத் தொட்டிலைச் செய்வதும் விற்பதும் அங்கே குற்றம்.

தொட்டில் வந்தாயிற்று. உள்ளே என்னென்ன போடுவது? இறுக்கமாக விரித்த ஒரு துணி, அதன்மேல் குழந்தை. வேறு எதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணை வேண்டாம். இரண்டு பக்கமும் அணைப்பாக வைக்கும் திண்டு வேண்டாம், பொம்மை வேண்டாம், கனத்த போர்வை வேண்டாம். தலை தட்டையாகிவிடும் என்ற கவலைக்கு வழி உண்டு. குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிறு, தாயத்து எதையும் தூங்கும்போது விட்டுவைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் குல்லாவும் ஸ்வெட்டரும் வீட்டுக்குள் தேவையில்லை, மருத்துவர் போடச் சொன்ன குறைமாதக் குழந்தையைத் தவிர. உடல் அதிகம் சூடாவதும் ஆபத்துதான். கொசுவலை கட்டாயம் வேண்டும். அது வெளியே விறைப்பாக நிற்கட்டும், குழந்தையின் கைக்கு எட்டும்படி தொங்க வேண்டாம்.

பணம் இருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். பின்லாந்தில் 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அரசு ஒரு பெட்டி கொடுக்கிறது. குழந்தைத் துணிமணிகளும் ஒரு சின்ன மெத்தையும் அதில் இருக்கும். பொருள்களை எடுத்துவிட்டால் அந்த அட்டைப்பெட்டிதான் குழந்தையின் முதல் படுக்கை. தமிழ்நாட்டில் 2015இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்திலும், அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுத்த 16 பொருள்களில் ஒரு சின்னப் படுக்கையும் வலையும் இருந்தன. பாயில் படுக்கும் வீடு என்றால் தாய்க்குப் பக்கத்தில், சுவரை விட்டுத் தள்ளி, குழந்தைக்கென்று தனியாக ஒரு மெல்லிய கெட்டியான விரிப்பு. மேலே கொசுவலை. அந்தக் குழந்தை ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

தூளியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அம்மாவின் புடவையில் ஆடித் தூங்கிய தலைமுறைகள் நாம். அந்த ஆட்டத்துக்கு அழுகை அடங்குவதை நானும் எத்தனையோ வீடுகளில் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் புடவையின் குழிவில் குழந்தை வளைந்துதான் படுக்கிறது, முகவாய் மார்போடு ஒட்டுகிறது, துணி இரண்டு பக்கமும் முகத்தை மூடுகிறது. பிறந்து சில வாரமே ஆன குழந்தையை இரவு முழுக்க அதில் விட்டுவிட்டு வீடே தூங்குவது எனக்குச் சம்மதமில்லை. தாலாட்ட வேண்டுமா, தொட்டில் கம்பு போட்டுத் துணியை விரித்து, பக்கத்திலேயே ஒருவர் முகத்தைப் பார்த்தபடி ஆட்டுங்கள். தூங்கியதும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்க விடுங்கள். தூளி காலியாக இருக்கும்போது முடிச்சை அவிழ்த்து மேலே சுருட்டிப் போடுங்கள். வீட்டிலிருக்கும் பெரிய பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடி, துணி கழுத்தை இறுக்கி இறந்த செய்தி நம் நாளிதழ்களில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

இரவில் பால் கொடுக்கும் தாய் கண்ணயர்வது இயற்கை. அதற்காக அவளை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. ஆனால் சோபாவில் சாய்ந்தபடி பால் கொடுக்க வேண்டாம், அங்கே தாயும் பிள்ளையும் சேர்ந்து தூங்கிப்போவது கட்டிலில் தூங்கிப்போவதைவிடப் பெரிய ஆபத்து. கட்டிலிலேயே தலையணைகளை ஒதுக்கிவிட்டுக் கொடுத்து, விழித்த உடனே குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றலாம். வீட்டில் யாராவது புகைபிடித்தாலும், குடித்தவர் அதே கட்டிலில் படுத்தாலும், குழந்தை குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்திருந்தாலும் தனிப் படுக்கை விஷயத்தில் தளர்த்தவே கூடாது. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அத்தை, சித்தி, உதவிக்கு வரும் அம்மா எல்லாரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். ஒரு வேளை மட்டும் வேறு மாதிரிப் படுக்கவைப்பதிலும் ஆபத்து இருக்கிறது.

இந்தத் தொட்டிலின் காலம் குறுகியது. குழந்தை புரளத் தொடங்கினாலோ, கைகளை ஊன்றி எழும்பினாலோ, உட்கார முயன்றாலோ, அன்றே பெரிய தொட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும். பெரும்பாலும் ஐந்தாறு மாதத்துக்குள் அது நடந்துவிடும். தயாரிப்பாளர் எழுதியிருக்கும் எடை வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு தங்கைக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுப்பீர்கள். கொடுக்கும்போது திருகுகள், இரண்டு பெல்ட்டுகள், அதே அளவு மெத்தை, மாட்டும் முறை சொல்லும் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தொட்டிலோடு கட்டிக் கொடுங்கள். நீங்கள் பழைய தொட்டிலை வாங்குகிறவரானால், அந்தப் பை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெல்ட் தொலைந்த தொட்டிலை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், கட்டிலோடு ஒட்டி வைக்காதீர்கள்.