மழைக்கு ஒதுங்கும் படகுகள்



பேராக் மாநிலத்தின் கடலோரத்தில் லூமுட் என்று ஓர் ஊர் இருப்பது உங்களுக்குத் தெரியும். சித்தியவான் பக்கத்துத் தோட்டத்து மக்களுக்கு அது அடுத்த ஊர். பங்கோர் தீவுக்குப் போகிறவர்கள் அங்கேதான் படகு ஏறுகிறார்கள். அந்தப் பகுதியில் பாய்ப்படகுகள் வந்து தங்குவதற்கென்றே தனித் துறை உண்டு. அதை மெரினா என்று சொல்கிறார்கள். தூர தேசங்களிலிருந்து சிறு படகில் கடல் தாண்டி வருகிறவர்கள் அங்கே ஒரு நாளோ ஒரு வாரமோ தங்கிப் போகிறார்கள். மழைக் காற்றுக்குப் பயந்து ஒரு படகு அங்கே எப்படி ஒதுங்குகிறது, கரையில் இருப்பவர்கள் அதை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சு.

"வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அந்தப் படகை விரட்டி வரும் மழையும் பால்மரக் காட்டில் நம்முடைய வேலையை நிறுத்திய மழையும் ஒரே மழைதான். அதனால் நமக்கும் இதில் பங்கு உண்டு.

அந்த மழையை முதலில் தெரிந்துகொள்வோம். நம் தீபகற்பத்துக்கு மேற்கே மலாக்கா நீரிணை. அதற்கு அப்பால் சுமத்ரா தீவு. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்கிறது. கடல் சூடு ஆறாமல் இருக்கிறது. சுமத்ராவின் நிலக்காற்றும் நம் பக்கத்து நிலக்காற்றும் நீரிணையின் மேல் வந்து சந்திக்கின்றன. கடலின் மேலுள்ள ஈரக்காற்று மேலே எழும்பி, இடிமேகங்கள் ஒரு வரிசையாகத் திரள்கின்றன. தென்மேற்குக் காற்று அந்த வரிசையை நம் கரைக்குத் தள்ளுகிறது. விடிவதற்கு முன்பாகவோ காலையிலோ அது வந்து அடிக்கிறது. 'சுமத்ரா காற்று' என்று மாலுமிகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதன் காலம். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும்.

பால் வெட்டியவர்களுக்கு இந்த நேரம் பழக்கமானது. பெரட்டுக்குப் புறப்படுகிற நேரம் அது! மேற்கே மின்னல் தெரிந்தாலே, "இன்றைக்கு மரம் காயாது" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பட்டை நனைந்தால் பால் காணில் இறங்காமல் பட்டையில் பரவி ஓடிவிடும். மங்கில் விழுந்த பாலிலும் மழைநீர் கலந்துவிடும்.

இனிப் படகுக்கு வருவோம். ஒரு சிறு பாய்ப்படகு மணிக்கு 5 அல்லது 6 கடல் மைல் போகும். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். போர்ட் கிள்ளானிலிருந்து லூமுட் சுமார் 90 கடல் மைல். அங்கிருந்து பினாங்கு சுமார் 70. அப்படியானால் கிள்ளானிலிருந்து லூமுட்டுக்கு வர 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் நிற்காவிட்டால் பயணத்தில் ஒரு பகுதியேனும் இருட்டில்தான். அந்த இருட்டில் மீனவர்களின் வலைகள் கிடக்கும். ஆற்றிலிருந்து அடித்து வந்த மரக்கட்டைகள் மிதக்கும். பெரிய கப்பல்கள் போய் வரும். இவற்றோடு சுமத்ரா காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஆகவே அனுபவப்பட்ட மாலுமி வானத்தைப் பார்க்கிறான். மேற்கே கறுத்த மேகம் சுருட்டிய பாய்போல நீளமாகத் தெரிகிறதா? வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று ஓய்ந்து, பிறகு குளிர்ந்த காற்று வேறு திசையிலிருந்து அடிக்கிறதா? பாயை இறக்கிவிடுகிறான். துறை பக்கத்தில் இருந்தால், மேகம் வந்து சேருமுன்பே உள்ளே நுழைந்துவிடுகிறான்.

துறையில் படகு கட்டும் மேடை மிதக்கும் மேடை. தரையில் ஊன்றிய தூண்களைப் பிடித்துக்கொண்டு, கடல் ஏறும்போது ஏறி, வற்றும்போது இறங்கும். மேடையில் கட்டிய படகும் கூடவே ஏறி இறங்கும். அதனால் கயிறு இறுகி அறுந்துபோவதில்லை. நிலையான ஜெட்டியில் கட்டுகிறவர்கள் தண்ணீர் ஏறி இறங்கும் அளவுக்குக் கயிற்றில் தளர்ச்சி விட வேண்டும். நம் மேற்குக் கரையில் அந்த அளவு சின்னதன்று. போர்ட் கிள்ளானில் சில நாட்களில் 4 மீட்டரையும் தாண்டும்.

கொட்டும் மழையில் ஒரு படகு உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. படகில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் கயிற்றை வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் முன்பே கட்டி நிற்கும் படகுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வருகிறார்கள். நனைந்துகொண்டே மேடையில் நின்று, வீசும் கயிற்றைப் பிடித்துக் கட்டுகிறார்கள். எந்த நாடு, என்ன பெயர், என்ன மொழி என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் பிறகுதான். முதலில் கயிறு! இது கடலோடிகளிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். தன் படகைக் கட்டியாகிவிட்டது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொள்பவனை அங்கே யாரும் மதிப்பதில்லை. ஏனென்றால், ஒரு படகு அறுத்துக்கொண்டால் பக்கத்துப் படகின் மேல்தான் போய் மோதும்.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றில் ஒரு வீட்டுத் தகரம் பறந்தால், அது அடுத்த வீட்டாருக்கும் ஆபத்துதானே!

அடுத்து மழை விடும்வரை காத்திருத்தல். ஈரத் துணியை உலர்த்துகிறார்கள். கூரைத் தண்ணீரை நாம் பீப்பாயில் பிடிப்பதுபோல், கித்தானை விரித்து மழைநீரைப் பிடிக்கிறார்கள். கிழிந்த பாயைத் தைக்கிறார்கள். சந்தை எங்கே, மண்ணெண்ணெய் எங்கே என்று புதிதாக வந்தவர்களுக்குப் பழையவர்கள் சொல்கிறார்கள். வானிலை அறிவிப்பைக் கேட்கிறார்கள். 'நேற்றைய நாளைப் பிடித்துவிட வேண்டும்' என்று அவசரப்பட்டுக் கிளம்புகிறவனைத்தான் கடல் பதம் பார்க்கும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது கரைக்கு மட்டுமா?

காத்திருப்பது வீண்பொழுதன்று என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டு மலாக்காவுக்குக் குஜராத்திகளும் தமிழர்களும் ஜாவாக்காரர்களும் சீனர்களும் வந்தார்கள். ஊர் திரும்ப வேண்டிய காற்று மாறும்வரை அங்கே தங்கினார்கள். அவர்களைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள். கப்பலுக்கு இடமும் சரக்குக்குக் கிடங்கும் ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்களில் ஒருவர் பொறுப்பாக இருந்தார். அப்படித் தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்களே இன்றைய மலாக்கா செட்டிகள். வருகிறவர்கள் பயமின்றிக் காத்திருக்கலாம் என்ற நம்பிக்கையும் அந்தத் துறைமுகத்தை வளர்த்தது.

ஆனால், நேயர்களே, ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. உல்லாசப் படகில் வருகிறவர் இரண்டு நாள் காத்திருந்தால் இரண்டு நாள்தான் போகும். பங்கோர் மீனவர் காத்திருந்தால் மீன் போகும். நாட்கூலிக்காரர் காத்திருந்தால் அடுப்பில் உலை போகும். அதனால்தான் ஏழை துணிந்து மழையில் இறங்குகிறான். அவனுக்கு அறிவுரை மட்டும் சொன்னால் போதாது. ஒதுங்க ஒரு துறையும் வேண்டும். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் நாட்கூலித் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாள் வேலை கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் அந்த நாட்களுக்குக் கூலி தர வேண்டும் என்று விதி செய்தது. அதையும் ஒருவகைத் துறைமுகம் என்றே நான் சொல்வேன். சங்கத்தில் சேர்ந்து நிற்பதும், கூட்டுறவில் சிறிது சேமிப்பதும் நாமே கட்டிக்கொள்ளும் துறைகள்.

கடைசியாக, தாய்மார்களும் பிள்ளைகளும் நினைவில் வைக்க வேண்டியவை சில. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று எண்ணிக்கைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். இடி காதில் விழுந்தாலே ஆபத்து எல்லைக்குள் இருக்கிறோம் என்று பொருள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள் போங்கள். செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கழியை அந்த நேரத்தில் கையில் வைத்திருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை மழையில் நின்றால், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்குமுன் உள்ளே கூப்பிடுங்கள்.