படத்தை நம்ம வேகத்துக்கு ஓட்டலாம்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன தையல் பயிற்சியில் மூன்று பேர் இரண்டாம் நாளே நின்னுட்டாங்க. கேட்டால், "படம் ஓடுற ஓட்டத்துக்கு நமக்கு ஏறாதுக்கா" என்கிறார்கள். காலர் வைப்பதை அரை நிமிடத்தில் காட்டி முடிச்சா யாருக்குத்தான் வரும்? காலர் வராமல் சீருடை ஆர்டர் எடுக்க முடியுமா? அதனால்தான் இன்றைக்குக் கணினியைப் பற்றிப் பேசுகிறோம்.

நம் அலுவலகக் கணினியில் வி.எல்.சி. என்ற மென்பொருள் இருக்கிறது. சாலையில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்புதான் அதன் அடையாளம். பிரான்சில் 1996-இல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை, இன்றும் இலவசம்தான்.

படம் ஓடும்போது, பி எழுத்துக்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் சதுர அடைப்புக்குறியை அழுத்துங்கள். ஒரு அழுத்தலுக்கு வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும். ஐந்து தடவை அழுத்தினால் பாதி வேகம். பேச்சு கொஞ்சம் இழுக்கும், ஆனால் குரல் கட்டையாகாது. பழைய வேகம் வேண்டுமென்றால் சமக்குறியை அழுத்துங்கள்.

ஊசி எங்கே இறங்குது, துணி எந்தப் பக்கம் மடியுது என்று பார்க்கணுமா? ஈ எழுத்தை அழுத்துங்கள். படம் நின்று, அழுத்த அழுத்தக் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். தையலுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை என்போம்! ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மறுபடி ஓடும்.

பின்வரிசையில் இருட்டாகத் தெரியுது என்றால், 'டூல்ஸ்' பட்டியலில் 'எஃபெக்ட்ஸ் அண்டு ஃபில்டர்ஸ்' போய், 'வீடியோ எஃபெக்ட்ஸ்' பக்கத்தில் 'இமேஜ் அட்ஜஸ்ட்' கட்டத்தில் டிக் அடியுங்கள. எல்லோரும் 'பிரைட்னஸ்'ஸைத்தான் ஏத்துவாங்க, படம் வெளுத்துப்போகும். 'காமா'வைக் கொஞ்சம் ஏத்துங்க, கறுப்புத் துணியில் போட்ட தையலும் தெரியும். படம் முடிந்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

முகமெல்லாம் அகலமாகத் தெரிந்தால் ஏ எழுத்து, சரியாகும்வரை. வாயசைப்புக்கு முன்னால் பேச்சு வந்தால் கே எழுத்து; பேச்சு பிந்தினால் ஜே.

கூட்டம் முடிந்ததும் கணினியை அணைக்கப் போவதில்லை. காலர் படம் அதிலேயே இருக்கு. நின்னுபோன மூன்று பேரும் முதலில் வந்து உட்காருங்க, மற்றவங்க பின்னால் நிற்கிறோம்.